மணிக்கட்டில் காப்பு, பெட்டிக்குள் மாத்திரை

தலை வார முடியாமல் போனதுதான் முதல் அறிகுறி.

நான் மலேசியாவில், ஈப்போ பக்கம் குனோங் ராபாட்டில் ஒரு பள்ளிக்கூடக் கேண்டீனைப் பல வருடம் நடத்தியவள். நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலம் கட்டியும், மீ கோரேங் (வறுத்த நூடுல்ஸ்) கிண்டும் இரும்பு வாணலியைத் தூக்கி இறக்கியும் உரமேறிய கைகள் என்னுடையவை. அந்தக் கைகள் ஒருநாள் காலையில் தோளுக்கு மேலே போகமாட்டோம் என்றுவிட்டன. சீப்பு காதுவரை வந்தது, அதற்கு மேல் ஏறவில்லை. கட்டிலை விட்டு எழும்போது இடுப்பும் தொடையும் சிமெண்டு பூசினதுபோல் இறுகிக் கிடந்தன. மத்தியானத்துக்குள் கொஞ்சம் இளகும். மறுநாள் காலை பழைய கதைதான்.

என் கணவர் குணா லாரி மெக்கானிக். அன்றைக்கு அவர்தான் எனக்குத் தலை வாரிவிட்டார். "டைட்டா கட்டவா, லூசா கட்டவா?" என்று கேட்டார். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

வயசுக் கோளாறு என்றார்கள். கேண்டீனில் தூக்கின பாரம் இப்போது கணக்குக் கேட்கிறது என்றார்கள். பக்கத்து வீட்டு லெட்சுமி தைலம் கொடுத்தாள். குணா சீன மருந்துக் கடையில் பிளாஸ்திரி வாங்கி வந்து முதுகெல்லாம் ஒட்டினார். படுக்கையில் புரண்டு படுப்பதற்குக்கூட அவரை எழுப்ப வேண்டிய நிலை வந்தபிறகுதான் கிளினிக்குக்குப் போனோம். அங்கிருந்து ஈப்போவில் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்.

நிபுணர் ஒரு மலாய்ப் பெண். என் தோளை அழுத்திப் பார்த்தார், நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழச் சொன்னார். எழ முடியவில்லை. இரத்தத்தில் ஈ.எஸ்.ஆர். (உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் சோதனை) மிக அதிகமாக இருந்தது. நோயின் பெயர் பாலிமயால்ஜியா ருமாட்டிகா (தோளையும் இடுப்பையும் சுற்றி வரும் அழற்சி, பெரும்பாலும் ஐம்பது வயதுக்கு மேல் வருவது). மருந்தின் பெயர் பிரெட்னிசோலோன் (ஸ்டீராய்டு மாத்திரை, நம் உடம்பே சுரக்கும் கார்ட்டிசால் என்ற சுரப்புநீரின் வேலையைச் செய்வது).

மாத்திரை வேலை செய்த வேகத்தை என்னால் நம்ப முடியவில்லை. ஒருசில நாளிலேயே கை உச்சந்தலையைத் தொட்டது. நானே கொண்டை போட்டுக்கொண்டு அடுப்படியில் நின்றேன். குணா பார்த்துவிட்டு, "என் வேல போச்சா?" என்றார்.

அடுத்த சந்திப்பில் மருத்துவர் ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார். "புவான், ஜாங்ஙான் பெர்ஹெந்தி செண்டிரி." அம்மா, நீங்களாக நிறுத்திவிடாதீர்கள் என்று அர்த்தம். அளவை அவர்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார், அதற்கு ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகலாம், நடுவில் ஒருநாளும் விடக்கூடாது. நான் தலையாட்டினேன். தலையாட்டுவதில் என்னைப்போல் கெட்டிக்காரி இல்லை.

மாதங்கள் போயின. வலி போன இடத்தில் பசி வந்தது. பிறகு முகம் உப்பியது. இதை நிலா முகம் என்கிறார்கள் (ஸ்டீராய்டால் கன்னத்திலும் தாடையிலும் கொழுப்பு சேர்ந்து முகம் உருண்டையாவது). கேட்பதற்கு அழகாகத்தான் இருக்கிறது. கண்ணாடியில் பார்த்தால் ஆவியில் வெந்த சீனப் பாவ் ரொட்டி ஒன்று என்னைத் திரும்பிப் பார்த்தது. சிம்பாங் பூலாயில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, குணாவின் சொந்தக்காரர் ஒருவர் என் முகத்துக்கு நேராகவே, "குணா சம்சாரம் வரலியா?" என்று கேட்டார். அன்று சாப்பிடாமல் வீட்டுக்கு வந்தேன். கண்ணாடியில் ஒரு துண்டைப் போட்டு மூடிவைத்தேன்.

அந்தக் கல்யாணத்துக்கு என் தங்கை மாலதியும் வந்திருந்தாள். கோலாலம்பூரில் வழக்கறிஞர். நாங்கள் இருவரும் கோப்பெங் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர்கள். அவள் படித்து மேலே போனாள், நான் வாணலியைப் பிடித்தேன். அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. ஆனால் என்னை எங்காவது தூக்கிக்கொண்டு போய் உட்காரவைக்க வேண்டும் என்று அவளுக்குத்தான் எப்போதும் ஒரு துடிப்பு.

"க்கா, அந்த மாத்திரதான் ஒன்னைய இப்படி ஊத வச்சிருக்கு. இமயமலையில ஒரு இடம் இருக்கு. போன வருசம் நான் போனேன்ல? ஒடம்புல உள்ளதெல்லாம் கழுவி எடுத்துருவாங்க. என் கூட வா லா."

"நான் என்ன கேண்டீன் சட்டியா, கழுவி எடுக்க?"

"வெளயாடாத. எல்லாம் நான் பாத்துக்கிறேன். ஒரே ஒரு தடவ, எனக்காக."

கண்ணாடியை மூடின துண்டு என் கண்முன் வந்தது. சரி என்றேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை அங்கேதான் ஆரம்பித்தது.

டில்லியில் இறங்கி, அங்கிருந்து காரில் மலையேறினோம். வளைவுக்கு ஒரு வாந்தி எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். இடம் அழகுதான், பொய் சொல்லக்கூடாது. கீழே ஆறு, எதிரே பனி மூடிய சிகரம், சுற்றிலும் தேவதாரு மரங்கள். அந்த அழகுக்கு நடுவில் கண்ணாடிச் சுவரும் மரத்தரையுமாக விடுதி. வாசலில் மண்நிறத் துணி உடுத்திய பெண்கள் நின்று வரவேற்றார்கள். எல்லோரும் கிசுகிசுப்பாகவே பேசினார்கள். இழவு வீட்டில்கூட எங்கள் ஆட்கள் அதைவிடச் சத்தமாகப் பேசுவார்கள்.

கைப்பேசிகளை வாங்கி ஒரு பட்டுப் பையில் போட்டார்கள். ஒரு பெண் குனிந்து என் காலைப் பன்னீரில் கழுவினாள். வாந்தி பட்ட என் செருப்பைப் பார்த்து முகம் சுளிக்காமல் அவள் புன்னகைத்தது எனக்கு என்னவோபோல் இருந்தது. அப்படிப் புன்னகைக்க அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது.

பிறகு எங்களுக்கு வழிகாட்டியாக ஒரு பெண்மணி வந்தார். அவர் பெயர் ஏதோ வேறு. இங்கே வந்தபின் சாந்தி என்று வைத்துக்கொண்டாராம். விளக்கேற்றி, ஏதோ மந்திரம் சொல்லி, மஞ்சள் தடவிய நூலை என் வலது மணிக்கட்டில் கட்டினார். "இது உங்கள் சங்கல்பம். கடைசி நாள் ஆற்றங்கரையில் நாங்களே அவிழ்ப்போம். அதுவரை நடுவில் விடக்கூடாது" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

இந்த இடத்தில் நான் செய்த தவறு இமயமலையில் வேறு யாரும் செய்திருக்கமாட்டார்கள். டில்லியிலிருந்து வந்திருந்த ஒரு பெண்மணி, தன் வளையலுக்குப் பொருந்தவில்லை என்று அன்று மாலையே அந்த நூலைக் கழற்றி மேசைமேல் போட்டுவிட்டார். எனக்கு அது நூலாகத் தெரியவில்லை. காப்பாகத் தெரிந்தது.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் காப்புக் கட்டிக்கொண்டவர்கள் அதை அவிழ்க்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டமாட்டார்கள், கவிச்சி தொடமாட்டார்கள், விரதத்தை நடுவில் விடமாட்டார்கள். விட்டால் குடும்பத்துக்கு ஆகாது. நானே கன்னிப்பெண்ணாகக் காப்புக் கட்டித் தீச்சட்டி எடுத்தவள். மஞ்சள் நூல் மணிக்கட்டில் இறுகியதும் என் உடம்பு தானாகவே அந்தக் கட்டுக்குள் போய்விட்டது. ஒரு ஓட்டலின் வரவேற்புச் சடங்குக்கு நான் மாரியம்மனுக்குக் கொடுக்கிற பணிவைக் கொடுத்துவிட்டேன். இதை எழுதும்போதும் எனக்குக் கூசுகிறது.

அடுத்து ஒருவர் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்போடு வந்தார். என் நாக்கைப் பார்த்தார், கண்ணிமையை விரித்துப் பார்த்தார். உடம்பு நச்சால் நிரம்பியிருக்கிறது என்றார். என் மாத்திரைப் பட்டையை இரண்டு விரலால், செத்த எலியின் வாலைப் பிடிப்பதுபோல் தூக்கினார். இங்கே இருக்கும்வரை இது வேண்டாம் என்றார்.

"நிறுத்தக்கூடாது என்று எங்கள் மருத்துவர் சொன்னாரே" என்றேன்.

அவர் கண்ணை மூடிப் புன்னகைத்தார். "அவர்கள் நோயைப் பார்க்கிறார்கள். நாங்கள் உங்களைப் பார்க்கிறோம்."

இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். இந்த வாக்கியத்தை எங்கே கேட்டாலும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

நான் கிளம்பவில்லை. மாலதி என் தோளைத் தொட்டு, "குடுத்துரு க்கா. கொஞ்ச நாள்தான?" என்றாள். மாத்திரைகள் ஒரு செப்புப் பெட்டிக்குள் போயின. பெட்டியின்மேல் ஒரு செவ்வந்திப் பூவை வைத்து உள்ளே எடுத்துப்போனார்கள்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் கேண்டீன்காரி என்று என்னைச் சொல்லிக்கொள்ள முடியாது. முறத்தளவு அகலமான பீங்கான் தட்டு. அதன் நடுவில் பீட்ரூட்டை அரைத்து ஒரு தீற்று. பக்கத்தில் ஒரு பூவிதழ். ஒவ்வொரு வாயையும் நன்றியோடு மெல்ல வேண்டும், மெல்லும்போது பேசக்கூடாது. மெல்ல அதில் என்ன இருந்தது? பள்ளிக்கூடத்தில் இப்படி ஒரு தட்டை நீட்டியிருந்தால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளே என்னைத் துரத்தியிருப்பார்கள். பக்கத்து மேசையில் ஒரு ஆள் திடீரென்று தேம்பி அழுதார். சுற்றியிருந்தவர்கள் எழுந்து மெதுவாகக் கைதட்டினார்கள்.

அந்தச் சாப்பாடு சும்மா ஒரு முன்னோட்டம்தான். மறுநாளிலிருந்து காலையில் வெறும் வயிற்றில் உருக்கிய நெய் கொடுத்தார்கள். நாளுக்கு நாள் அளவு கூடியது. மூலிகை போட்ட, கசக்கிற, வெதுவெதுப்பான நெய். தொண்டையில் இறங்கினபிறகும் உதட்டில், நாக்கில், பல்லிடுக்கில் அது ஒட்டிக்கொண்டே இருக்கும். என் வியர்வையிலும் நெய் நாற்றம் அடித்தது. தலையணை உறை நாறியது. அறை முழுவதும் சந்தனவத்தி கொளுத்திவைத்தார்கள், இரண்டு வாடையும் கலந்து ஊசிப்போன பாயாசம் மாதிரி மிதந்தது.

பிறகு வாந்தி சிகிச்சை. ஏதோ ஒரு கஷாயத்தைச் சொம்பு சொம்பாகக் குடிக்கவைத்து வாந்தியெடுக்கச் செய்தார்கள். முன்னால் ஒரு வெண்கலப் பாத்திரம். அதில் பூ மிதந்தது. நான் குடலே வெளியே வருவதுபோல் ஓங்கரித்துக்கொண்டிருக்கிறேன், சாந்தி என் முதுகைத் தடவியபடி, "விடுங்கள், எல்லாவற்றையும் விடுங்கள்" என்கிறார். முடிந்ததும் பாத்திரத்தை எட்டிப் பார்த்து, "அழகு" என்றார். என் வாந்தியைப் பார்த்து ஒரு மனுஷி அழகு என்கிறாள். அந்த நிமிடத்தில் எனக்கு அவரிடம் வந்த அருவருப்பு இன்றுவரை போகவில்லை.

அன்று மாலை தோள் திரும்பவும் இறுக ஆரம்பித்தது. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் வேறொன்றும் சேர்ந்து வந்தது. எழுந்தால் கண் இருட்டியது. வயிற்றில் முறுக்கி முறுக்கி வலித்தது. கஷாயம் குடிக்காதபோதும் வாந்தி வந்தது. கை கால் எனக்குச் சொந்தமில்லாததுபோல் தொங்கின. களைப்பு என்று சொன்னால் போதாது. களைப்பு எனக்குத் தெரியும். ஒரு பள்ளிக்கூடத்துக்கே சமைத்த பிறகு வருவது அது. இது வேறு. இமையைத் தூக்குவதே வேலையாக இருந்தது.

ஸ்டெதாஸ்கோப்பு ஆள் வந்து பார்த்தார். அந்தக் கருவியைக் காதில் மாட்டவேயில்லை. இதற்குப் பெயர் சுத்திகரிப்பு நெருக்கடி, பழைய நோயெல்லாம் வெளியேறுகிறது, நல்ல அறிகுறி என்றார்.

மறுநாள் என்னைத் தாங்கிப் பிடித்துக் கொண்டுபோய் ஆற்றைப் பார்த்த ஒரு சாய்வுநாற்காலியில் உட்காரவைத்தார்கள். சாந்தி ஒரு கேமராக்காரரோடு வந்தார். "உங்கள் முகம் எவ்வளவு இளைத்திருக்கிறது தெரியுமா? ஒளி வீசுகிறது" என்றார். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை. காப்புக் கட்டிய கையை மடிமேல் வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அதற்கு அடுத்த காலை எனக்குச் சரியாக நினைவில்லை. மாலதி சொல்லித்தான் தெரியும். அவள் என் அறைக்கு வந்தபோது நான் படுக்கையின் ஓரத்தில் வியர்த்து, வெளிறி, குளிர்ந்துபோய்க் கிடந்தேனாம்.

"மணி அடிச்சாச்சா? மீ இன்னும் கிண்டலியே" என்றேனாம். "பிள்ளைங்க வந்துரும், தள்ளு" என்று அவள் கையைத் தட்டிவிட்டேனாம்.

என் தங்கை படித்தவள். அந்த இடத்தை நம்பினவள். அங்கே போன வருடம் அழுது கைதட்டல் வாங்கினவர்களில் அவளும் ஒருத்தி. ஆனால் அக்கா புத்தி தடுமாறிப் பேசுவதை அவள் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. அலுவலகத்துக்கு ஓடினாள். சாந்தி அவளை உட்காரச் சொல்லி, மூச்சை ஆழ்ந்து இழுக்கச் சொன்னாராம். மாலதி மேசைமேல் இருந்த செப்புப் பெட்டியைத் தானே திறந்து மாத்திரையை எடுத்துக்கொண்டு, ஓட்டுநரை அழைக்காவிட்டால் கண்ணாடிச் சுவரை உடைப்பேன் என்று கத்தினாளாம். அந்த இடத்தில் முதன்முறையாக ஒரு மனுஷக் குரல் ஒலித்தது அப்போதுதான்.

அவள் திரும்பி வந்து சர்க்கரை கலந்த தண்ணீரை என் வாயருகில் கொண்டுவந்தது எனக்கு மங்கலாக நினைவிருக்கிறது. நான் வாயை இறுக்கிக்கொண்டேன்.

"காப்பு இருக்கு" என்றேன். "அவுக்கல. குடிக்கக்கூடாது."

"என்ன காப்பு?"

"ஆத்தா காப்பு. குடும்பத்துக்கு ஆகாது."

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் புரிந்ததாம். நான் ஏன் ஒருநாள்கூட முரண்டு பிடிக்கவில்லை, வாய்க்கு வாய் பேசுகிறவள் ஏன் நெய்யையும் கஷாயத்தையும் வாயை மூடிக்கொண்டு விழுங்கினேன் என்பதெல்லாம். அழுதுகொண்டே என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"இது கோயில் இல்லக்கா! இது ஓட்டல்! ஓட்டல்க்கா!"

முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். நெய்யில் ஊறி இறுகிக் கிடந்தது, நகம் போகவில்லை. என் மணிக்கட்டை வாயருகே இழுத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பிறகு நான் குடித்தேன். குடித்ததை உடனே வாந்தியெடுத்தேன். அதைப் பார்த்து யாரும் அழகு என்று சொல்லவில்லை.

பள்ளத்தாக்கின் கீழே இருந்த அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். நடைபாதைச் சுவர்களில் வெற்றிலைக் கறை. ஒரே கட்டிலில் இரண்டு நோயாளிகள். பினாயில் வாடை மூக்கை அறுத்தது. அந்த வாடையை நான் ஆசையாக உள்ளே இழுத்தது நினைவிருக்கிறது. அழுக்கை அழுக்கு என்று ஒத்துக்கொள்கிற ஓர் இடத்துக்கு வந்துவிட்டேன் என்று தோன்றியது.

இளவயது மருத்துவர். என் முகத்தைப் பார்த்தார், மாலதி கையிலிருந்த பட்டையைப் பார்த்தார். "எப்போது நிறுத்தினீர்கள்?" என்பதுதான் முதல் கேள்வி. மாலதி சொன்னதும் அவர் வாயிலிருந்து இந்தியில் ஒரு வார்த்தை விழுந்தது. மொழிபெயர்க்க வேண்டிய அவசியமில்லாத வார்த்தை. இரத்த அழுத்தம் கீழே போயிருந்தது. சர்க்கரையும் உப்பும் குறைந்திருந்தன. நரம்பில் உப்புநீரும் குளுக்கோஸும் ஏற்றி, ஹைட்ரோகார்ட்டிசோன் (விரைந்து வேலை செய்யும் ஸ்டீராய்டு) ஊசி போட்டார். கொஞ்சநேரத்தில் கூரையில் சுற்றிய மின்விசிறி எனக்கு மின்விசிறியாகவே தெரிந்தது.

எனக்கு வந்தது அட்ரினல் நெருக்கடி (உயிர்காக்கும் கார்ட்டிசால் உடம்பில் இல்லாமல் போய், இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும் நிலை). நெருக்கடி என்ற ஒரு சொல்லை மட்டும் விடுதி சரியாகச் சொல்லியிருந்தது.

தெளிவு வந்தபிறகு, மாலதி விடுதியிலிருந்து மீட்டு வந்த கைப்பேசியில் குணாவை அழைத்தோம். மாலதி எல்லாவற்றையும் அவரிடம் சொன்னாள். பிறகு கைப்பேசியை என் காதில் வைக்கச் சொன்னார்.

"இந்திரா, தோட்டத்துல திருவிழாவுக்குக் காப்புக் கட்டினப்ப ஒங்கப்பன் இனிப்பு நீர் மாத்திர போட்டாரா இல்லியா?"

"போட்டாரு."

"யாரு தண்ணி மொண்டு குடுத்தது?"

நினைத்துப் பார்த்தேன். "பூசாரி."

"ஆத்தாளே கேக்காதத இவனுங்க எப்படிக் கேட்டானுங்க? நீயும் எப்படிக் குடுத்த?"

அப்பா ஈர வேட்டியோடு நின்று, சர்க்கரை வியாதி மாத்திரை போடப் பூசாரி கையிலிருந்து சொம்பை வாங்குவது கண்ணில் தெரிந்தது. நோயாளிக்கு விரதம் கிடையாது என்பதை எங்கள் ஆட்கள் எழுதப்படிக்கத் தெரியாதபோதே தெரிந்துவைத்திருந்தார்கள்.

ஈப்போவுக்குத் திரும்பியதும் எங்கள் மருத்துவரிடம் போனேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் ஒரு தாளை எடுத்து இரண்டு சிறுநீரகங்களை வரைந்தார். அவற்றின் உச்சியில் சின்னத் தொப்பிபோல் இரண்டு சுரப்பிகள். அவைதான் அட்ரினல். வெளியிலிருந்து மாத்திரையாக வந்துகொண்டே இருப்பதால் அவை வேலையை விட்டுத் தூங்கிப்போயிருக்கின்றன என்றார். திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் அவற்றால் எழ முடியாது. காய்ச்சலோ வாந்தியோ வந்தால் அப்போது இன்னும் அதிகமாகத் தேவைப்படும். "நாம் மெதுவாகத்தான் எழுப்ப வேண்டும், புவான். மாதக்கணக்கில்." என் பையில் வைத்துக்கொள்ள ஓர் அட்டையும் கொடுத்தார். நான் ஸ்டீராய்டு எடுப்பவள், நிறுத்தக்கூடாது என்று அதில் இருக்கிறது. மயங்கி விழுந்தால் எனக்காக அது பேசும்.

மாத்திரை திரும்ப ஆரம்பித்தது. தோள் இளகியது. பசி வந்தது. கன்னம் பழையபடி உப்பியது.

இதை நான் எழுதாமலே இருந்திருப்பேன். வெட்கக்கேட்டை யாராவது ஊருக்குச் சொல்வார்களா? எழுதவைத்தது பக்கத்து வீட்டு லெட்சுமிதான். ஒருநாள் சாயங்காலம் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"அக்கா, நீங்க இமயமலைல இருக்கிற படம் வந்திருக்கு! மாலதி போட்டிருந்த அந்த எடத்தோட பேஜ்ல பாத்தேன். எவ்ளோ அழகா இருக்கீங்க லா!"

வாங்கிப் பார்த்தேன். ஆற்றங்கரைச் சாய்வுநாற்காலி. பின்னால் பனிமலை. நடுவில் நான். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், உதடு வெளிறி, மடிமேல் மஞ்சள் நூல் கட்டின கை. கீழே ஆங்கிலத்தில், பாரம் இறங்கியவளின் ஒளி என்ற பொருளில் எழுதியிருந்தார்கள். அதன் கீழே வரிசையாகக் கும்பிடுகிற கைகளும் இதயங்களும். என் உயிர் நூலிழையில் ஆடிக்கொண்டிருந்த நேரத்தை எடுத்து விளம்பரத் தட்டியில் ஒட்டிவிட்டார்கள். நெய்யின் அந்தக் கசப்பு தொண்டையில் திரும்ப வந்தது.

லெட்சுமி நிறுத்தவில்லை. "நானும் ஒரு தடவ போலாம்னு இருக்கேன் கா. இன்சுலின் ஊசி குத்திக் குத்தி வயிறெல்லாம் நீலமாக் கெடக்கு. அங்க போனா ஊசியெல்லாம் நிறுத்திடுவாங்களாமே?"

அவள் கையைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தேன்.

"லெட்சுமி, இந்தப் படத்த நல்லாப் பாரு. இது எடுத்தப்போ நான் செத்துக்கிட்டு இருந்தேன்."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். நான் நடந்ததையெல்லாம் சொன்னேன், வெண்கலப் பாத்திரம் உட்பட. கேட்டு முடித்துவிட்டுக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

"நாள மறுநாள் பணம் கட்டறதா சொல்லியிருந்தேன் கா" என்றாள்.

மாலதி வக்கீல் கடிதம் அனுப்பினபிறகு படத்தை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் வேறொரு பெண்ணின் படம் வந்திருக்கிறது. அவளும் இளைத்திருக்கிறாள், அவள் மணிக்கட்டிலும் மஞ்சள் நூல். அவள் எந்த மாத்திரையைப் பெட்டியில் போட்டாளோ தெரியாது. அந்தப் படத்தை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

மாலதி தினமும் காலையில் கோலாலம்பூரிலிருந்து அழைக்கிறாள். நலம் விசாரிப்பதில்லை. "போட்டியா?" என்று மட்டும் கேட்பாள். "போட்டேன்" என்றால் வைத்துவிடுவாள். அவள் நூலைக் கடித்தபோது அவள் கண்ணீர் விழுந்த இடம் என் மணிக்கட்டில் எது என்று எனக்கு இன்னும் தெரியும்.

இதே மாத்திரையோடு வாழ்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். முன்பு என் நாள் பள்ளிக்கூட மணியில் ஓடியது. அடுப்பு, பொட்டலம், மணி, கூட்டம், பாத்திரம். உடம்பு என்பது நான் ஓட்டுகிற வண்டி என்று நினைத்திருந்தேன். இப்போது அளவு ஒரு சின்னத் துணுக்கு குறைகிறது, பிறகு வாரக்கணக்கில் காத்திருக்கிறேன், பிறகு இன்னொரு துணுக்கு. குணா ஸ்பேனர் பிடிக்கிற விரலால் மாத்திரையைப் பாதியாக உடைத்துத் தருகிறார். எனக்குள்ளே இரண்டு பேர் தூங்குகிறார்கள். அவர்களைத் தட்டியெழுப்பாமல், அவர்களாக விழிக்கும்வரை வீட்டில் மெதுவாக நடக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். எனக்கு அவசரம் எதுவும் இல்லை.

கண்ணாடியை மூடின துண்டை எடுத்துவிட்டேன். காலையில் அதன் முன்னால் நின்று கையைத் தூக்கித் தலை வாருகிறேன். சீப்பு காதைத் தாண்டி உச்சிவரை போகிறது. கீழே அந்த உப்பின முகம். முன்பெல்லாம் அதைப் பார்க்காமல் வாரக் கற்றுக்கொண்டிருந்தேன். இப்போது சீப்பை எடுப்பதற்கு முன், அந்த உப்பல் அங்கே இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.